பொறுமை ஏன் கடனாகிறது

சேலம், நாமக்கல் சமவெளியில் வேலைக்குப் போகும் ஒருவர், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பங்கைத் தான் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு கழிக்கிறார். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக் கம்பெனியின் கணக்கறை, ராசிபுரத்தில் பள்ளி ஆசிரியர் அறை, சேலத்தில் 2007 முதல் இயங்கும் ரயில்வே கோட்ட அலுவலகம், ஏதோ ஒரு வங்கிக் கிளை என்று இடம் எதுவானாலும், ஒரு நாற்காலி காலியாகி அதில் புதிதாக ஒருவர் வந்து உட்காரும் நாள் வரத்தான் செய்யும். அவர் போனில் சத்தமாகப் பேசுவார். கேட்காமலே யோசனை சொல்வார். முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லாம் எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்று நாலு பேர் முன்னால் ஒப்பிடுவார். இவற்றில் எதுவும் குற்றமில்லை. மேலதிகாரியிடம் எழுதிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் அவருடைய குரல் கேட்டாலே நெஞ்சுக்குள் ஏதோ இறுகுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொழுதை ஓட்டி, வீட்டுக்கு வந்து, டிவியைப் போட்டு, படுக்கும்வரை சீரியல்களில் தன்னை மறந்து உட்கார்ந்திருப்பது இங்கே எத்தனையோ வீடுகளின் அன்றாடம். இதை நிர்வாகப் பிரச்சினை என்றோ மன அழுத்தம் என்றோ சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். இதற்குள் ஒரு சமயக் கேள்வி இருப்பதாக நான் நினைக்கிறேன். எல்லாச் சமயங்களும் பொறுமையைப் போற்றுகின்றன. பகலில் அடக்கிக்கொண்டு மாலையில் மறந்துவிடுவதுதான் அவை போற்றும் பொறுமையா?

இல்லை என்பது என் வாதம். பொறுமையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எதிரே இருப்பவரைப் பார்க்காமல் தன் எரிச்சலை மட்டும் விழுங்குவது. மற்றொன்று, எதிரே இருப்பவரைப் பார்ப்பதால் எரிச்சல் தானாகத் தணிவது. முதல் வகையில் ஒவ்வொரு நாளும் கடன் ஏறுகிறது. அதற்கு யாராவது ஒருவர் வட்டி கட்டியே ஆகவேண்டும். வீட்டில் மனைவியோ கணவனோ குழந்தையோ கட்டுவார்கள். அவர்களும் தப்பித்துவிட்டால் மாலைத் தொலைக்காட்சி கட்டும். எனவே மாலையில் நமக்கு எவ்வளவு மறதி தேவைப்படுகிறதோ, அதுவே பகலில் நாம் காட்டிய பொறுமை எவ்வளவு பொய்யானது என்பதற்கு அளவு. இரண்டையும் தனித்தனியாகத் திருத்த முடியாது. டிவியை அணைத்துவிட்டால் பொறுமை வந்துவிடாது. பொறுமையாக இரு என்று தனக்குத் தானே நூறு முறை சொல்லிக்கொண்டாலும் டிவியின் பிடி தளராது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குறை: பக்கத்தில் இருக்கும் மனிதரைக் கவனித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லாமல் போனது.

இந்தக் குறை ஏன் இப்போது கூர்மையாகத் தெரிகிறது என்பதற்கு இந்த மண்ணின் வேலை மாறிய கதையில் காரணம் இருக்கிறது. இங்கே நீண்ட காலம் காட்டுவேலையும் தறியும்தான் பிழைப்பு. தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. பாவு ஓட்டவும் நூல் சுற்றவும் வீட்டார் கூட இருந்தார்கள். காட்டில் உடன் உழைத்தவர் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ, இல்லையென்றால் தலைமுறையாகத் தெரிந்த கூலிக்காரராகவோ இருந்தார். சண்டை அப்போதும் இருந்தது. ஆனால் யாரிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதை உறவும் சாதியும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. அந்தத் தீர்மானத்தில் அநியாயம் நிறைய இருந்ததை மறுக்க முடியாது. அலுவலகம் வேறு வகை இடம். உறவினரும் அல்லாத, நண்பரும் அல்லாத, பகைவரும் அல்லாத, விருந்தினரும் அல்லாத ஒருவர், நமக்குச் சமமான நாற்காலியில், நம் கையெட்டும் தூரத்தில், ஆண்டுக்கணக்கில் உட்கார்கிறார். திருக்குறளில் நட்புக்கு அதிகாரம் உண்டு, பகைக்கு உண்டு, விருந்துக்கு உண்டு, கூடாநட்புக்கும் உண்டு. உடன் பணிபுரிபவர் என்று தனியாக ஒருவர் அங்கே இல்லை. அவரிடம் எப்படி நடப்பது என்பதை நாமே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி யோசிப்பதற்கான வெளிச்சம் குறளின் அதிகார வரிசையிலேயே கிடைக்கிறது. பொறையுடைமை பதினாறாம் அதிகாரம். அதை அடுத்து வருபவை அழுக்காறாமை, வெஃகாமை, புறங்கூறாமை, பயனில சொல்லாமை. பிறர் செய்வதைப் பொறுத்தல், பிறர் உயர்வில் பொறாமை கொள்ளாதிருத்தல், பிறர் பொருளை விரும்பாதிருத்தல், இல்லாதவரைப் பற்றி இகழ்ந்து பேசாதிருத்தல், வீண்பேச்சைத் தவிர்த்தல் என்று இந்த ஐந்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் அலுவலகத்தின் ஒரு நாள் அப்படியே தெரியும். எரிச்சலில் தொடங்கி, அதன் அடியில் கிடக்கும் பொறாமையைத் தொட்டு, டீ குடிக்கப் போகும்போது புறம்பேசி, அந்தப் பேச்சிலேயே பொழுதைத் தொலைப்பதுதான் நாம் போகும் வழி. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பொறையுடைமையை வள்ளுவர் இல்லறவியலில் வைத்தார். சினமே எழாதிருக்கும் வெகுளாமையை முப்பத்தொன்றாம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: குடும்பமும் வேலையும் உள்ள ஒருவரிடம் கோபமே வரக்கூடாது என்று யாரும் முதல் நாளே கேட்பதில்லை. வந்த கோபத்தை என்ன செய்கிறாய் என்பதுதான் முதலில் கேட்கப்படுகிறது. விழுங்கிவிட்டேன் என்பது அதற்குப் போதிய பதிலாகாது. விழுங்கிய கோபம் புறங்கூறலாக வெளியேறும் என்பதால்தான் அந்த அதிகாரமும் அதே வரிசையில் பக்கத்திலேயே நிற்கிறது.

எரிச்சலை விழுங்காமல் உற்றுப் பார்த்தால் என்ன தெரியும்? பெரும்பாலும் அங்கே புதியவரின் குறையைக் காட்டிலும் நம்முடைய அச்சம்தான் பெரிதாக இருக்கும். இருபது ஆண்டு பேரேடு எழுதியவரின் பக்கத்தில், அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்தில் முடிக்கும் இளைஞர் வந்து உட்காரும்போது, அவருடைய போன் சத்தம் பெரிதாகக் கேட்கத் தொடங்குகிறது. நிரந்தர ஊழியர்கள் நடுவே ஒப்பந்தத்தில் ஒருவர் வந்தால், அவர் சுறுசுறுப்பாக இருந்தால் ‘நல்லபேர் வாங்கப் பார்க்கிறார்’ என்கிறோம். மந்தமாக இருந்தால் ‘இவரை எதற்கு எடுத்தார்கள்’ என்கிறோம். இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது, அங்கே எந்தப் பக்கம்’ என்று புதியவரிடம் கேட்கப்படும் கேள்விக்கு இந்த வட்டாரத்தில் என்ன பொருள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதன்பின் ‘அவர் பேச்சு பிடிக்கவில்லை’, ‘அவர் சாப்பிடும் விதம் பிடிக்கவில்லை’ என்று எழும் எரிச்சல்களில் எத்தனை உண்மையில் சாதியின் எரிச்சல் என்பதை ஒவ்வொருவரும் தன் மனத்தைத்தான் கேட்க வேண்டும். பல்லைக் கடிக்கும் பொறுமை இந்தக் கேள்வியைக் கேட்கவே விடுவதில்லை. ‘நான் எவ்வளவு பொறுத்துப் போகிறேன் தெரியுமா’ என்ற பெருமிதத்தைக் கொடுத்து, நம் எரிச்சல் நியாயமானதா என்ற விசாரணையை அது மூடிவிடுகிறது. ஒருவர் பேசுகிறார், சாப்பிடுகிறார், வேலை செய்கிறார் என்பதையெல்லாம் நாம் ‘பொறுத்துக்கொள்வதாக’ நினைப்பதே சில இடங்களில் அவருக்குச் செய்யும் அவமதிப்பு.

இனி மாலையைப் பார்க்கலாம். மக்களுக்குப் பொழுதுபோக்கைப் படைத்துக் கொடுத்ததில் சேலத்துக்குப் பெரிய இடம் உண்டு. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இருந்துகொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1956இல் வெளியான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். ஆனால் சினிமாவுக்குப் போவதென்றால் கிளம்ப வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், ஊரோடு உட்கார வேண்டும். படம் முடிந்ததும் திரும்ப வேண்டும். 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கி, 1993இல் சன் டிவி வந்து, 2006 முதல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி ஏழை வீடுகளுக்கும் வந்தபின், தப்பிச் செல்லும் இடம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நெடுந்தொடர் இதில் தனி வகை. அது முடிவதில்லை. நாளைக்கும் வரும். அதன் மனிதர்கள் மாறுவதில்லை: வில்லி வில்லியாகவே இருப்பாள், நல்லவள் அழுதுகொண்டே இருப்பாள். ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் இவர் எந்த வகை என்று இசை சொல்லிவிடும். பகலில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்ட முடியாமல் போன வெறுப்பை, திரையில் வரும் கெட்டவர் மேல் முழுமையாகக் காட்டலாம்; யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். அதில் ஒரு நிம்மதி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலைதான் கவலை தருகிறது. மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்துப் பார்க்கும் கண்ணோடு மறுநாள் காலை நாம் ஆபீஸுக்குப் போகிறோம்.

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லப்படும்: கதையும் நாடகமும் நம் மண்ணுக்குப் புதிதா? இரவெல்லாம் கூத்துப் பார்த்த மக்கள்தானே நாம்? உண்மைதான், அந்தக் கூத்தை நினைத்துப் பார்ப்பதுதான் வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து ஆண்டுக்கு ஒரு முறை, சில இரவுகள், கோயிலின் விரதத்தோடும் வழிபாட்டோடும் சேர்ந்து வரும், படுகளத்தோடு முடியும். துரியோதனன் வீழ்ந்து கிடக்கும்போது அழுவதற்கும் அங்கே இடமுண்டு. துகிலுரியும் காட்சியில் துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. பாவத்தைச் செய்யும் பாத்திரம் வேறு, அதைத் தாங்கி நிற்கும் மனிதர் வேறு என்று ஊரறியக் காட்டும் சடங்கு அது. நெடுந்தொடரில் இந்தப் பிரிவினை இல்லை. வில்லியாக நடிப்பவரைக் கடைத்தெருவில் கண்டால் திட்டுகிறார்கள் என்று நடிகைகள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். செயலையும் ஆளையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிற கலை நம்மைப் பொறுமைக்குத் தயாராக்குகிறது. இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிற கலை, எவ்வளவு கண்ணீரை வரவழைத்தாலும், அந்தத் திறனை நம்மிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுகிறது.

அப்படியென்றால் டிவியை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. மாலை நேரத் தப்பித்தலை வெளியிலிருந்து தடுக்க முயன்ற பெரிய சோதனை இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தன. அதற்கு முன்பே, 1925இல், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடியால் சீரழிந்த குடும்பங்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். அவருடைய நோக்கத்தின் தூய்மையை நான் சந்தேகிக்கவில்லை. கள்ளையும் சீரியலையும் ஒரே தட்டில் வைக்கவும் இல்லை. ஆனால் அந்த முயற்சிக்குப் பின் வந்த பல பத்தாண்டுகளின் வரலாறு ஒன்றைச் சொல்கிறது: கடையை மூடினால் தாகம் போய்விடாது. பகலில் ஒருவரை நசுக்கும் பாரம் அப்படியே இருக்கும்வரை, மாலையில் அவர் ஏதாவது ஒரு மறதியைத் தேடத்தான் செய்வார். பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வேய் 1934 டிசம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு ஆலைகளில் தொழிலாளியாக உழைத்தார். அப்போது எழுதிய நாட்குறிப்புகளில் அவர் சொல்வது, களைப்பு வந்தபின் சிந்திக்காமல் இருந்துவிட வேண்டும் என்ற ஆசையை வெல்வது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதே. தத்துவம் படித்துத் தேர்ந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், காலை ஏழு மணிக்கு டவுன் பஸ் பிடித்து இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவரை யாரும் கடிந்துகொள்ள முடியாது. ஓய்வு தேவை. சிரிப்பும் கதையும் தேவை. கேட்க வேண்டியது, நாம் ஓய்வுக்காகத் திரைமுன் உட்காருகிறோமா, ஒருவருடைய முகத்தை மறக்க உட்காருகிறோமா என்பது. ஓய்வுக்காக என்றால் ஒரு மணி நேரத்தில் மனம் நிறைகிறது. மறப்பதற்காக என்றால் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் போதுவதில்லை.

அடுத்த மறுப்பு, விதியின் பெயரால் வருவது. ‘இவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது என் தலையெழுத்து, போன பிறவியில் என்ன செய்தேனோ’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுபவர்கள் அதைப் பக்தியின் அடையாளமாகவே நினைக்கிறார்கள். இதற்கான பதில் திருச்செங்கோட்டிலேயே இருக்கிறது. கொடிமாடச் செங்குன்றூர் என்று தேவாரம் அழைக்கும் இந்த ஊருக்குத் திருஞானசம்பந்தர் வந்திருந்தபோது அவருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்ததாகவும், அதைத் தீர்க்க அவர் திருநீலகண்டப் பதிகம் பாடியதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தின் தொடக்கத்தில் இருக்கும் கேள்வி நம்மை நேராகத் தைக்கிறது. முன்பு செய்ததன் விளைவே இன்றைய துன்பம் என்று பேசத் தெரிந்தவர்கள், அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருந்தால் அது அவர்களுடைய குறை என்கிறார் சம்பந்தர். அவர் காட்டும் வழியிலும் வழிபாட்டோடு கையால் செய்யும் தொண்டு சேர்ந்திருக்கிறது. வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைச் சும்மா இருப்பதற்குச் சாக்காக்குவதை மறுக்கிறார். தலையெழுத்து என்று சொல்லி டிவி முன் உட்காருவது சைவத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாத சோம்பல். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் நமக்கும் நடுவே இருக்கும் முள்ளை எடுக்க நாம் என்ன செய்தோம் என்பதே அந்தப் பதிகம் நம்மைக் கேட்கும் கேள்வி.

இவற்றைவிட வலுவான மறுப்பு சுயமரியாதை மரபிலிருந்து வருகிறது. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலம் மாநாட்டில்தான். பொறுமை என்பது மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களுக்குப் போதித்த பாடம், அடங்கிப் போகிறவரை நல்லவர் என்று புகழ்ந்தே அவரை அடக்கி வைத்தார்கள் என்ற விமர்சனம் அந்த மரபுக்குரியது. அதில் உள்ள உண்மையை எந்தச் சமயவாதியும் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆகவே எல்லையைத் தெளிவாகப் போட வேண்டும். எரிச்சல் வேறு, தீங்கு வேறு. ஒரு பெண்ணிடம் அத்துமீறுகிறவரை, ஒருவரின் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறவரை, பிறர் செய்த வேலையைத் தன்னுடையது என்று காட்டி அவருடைய பதவி உயர்வைக் கெடுக்கிறவரைப் பொறுத்துக்கொள்வது அறமாகாது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே புகார் கொடுப்பதுதான் அறம். பொறுக்கச் சொல்லி அறிவுரை கூறுவது அந்தத் தீங்கில் பங்கெடுப்பது. இந்த எல்லைக்கு இப்பால் இருப்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அங்கேயும் ஒரு விதி உண்டு: பொறுக்கும் கடமை யாருக்கு வலிமை அதிகமோ அவருக்கே அதிகம். அலுவலகத்தில் பழையவருக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள், மேலதிகாரியின் நம்பிக்கை இருக்கிறது, எந்தப் பைல் எங்கே என்ற அறிவு இருக்கிறது. புதியவருக்கு இவை எதுவும் இல்லை. அவருடைய சத்தமும் தற்பெருமையும் பல நேரங்களில் அந்த இல்லாமையிலிருந்து வருபவை. பழையவர் புதியவரைப் பொறுப்பதில் அடிமைத்தனம் ஏதுமில்லை. அது வலியவர் தன் வலிமையை அடக்கிக்கொள்வது.

கடைசியாக ஒரு நுட்பமான மறுப்பு. வெறுப்பை வைத்துக்கொண்டே அன்பாக நடப்பது வேஷமில்லையா? சேலத்தில் சிறுமலர் என்ற பெயரில் பள்ளி இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய புனித தெரேசா பிரான்சின் லிசியே நகரத்துக் கார்மெல் மடத்தில் வாழ்ந்து, 1897இல் இருபத்து நான்கு வயதில் காசநோயால் இறந்தவர். பெரிய சாதனை எதுவும் அவர் வாழ்வில் இல்லை. அவர் எழுதிவைத்ததில் ஒரு பகுதி, உடன் வாழ்ந்தவர்கள் தந்த சின்னச் சின்ன எரிச்சல்களைப் பற்றியது. ஜெப நேரத்தில் ஓயாமல் சிறு சத்தம் எழுப்பிய சகோதரி ஒருவர். துணி துவைக்கும்போது அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்டவர் ஒருவர். எதைச் செய்தாலும் தனக்குப் பிடிக்காமலே இருந்தவர் இன்னொருவர். அந்தக் கடைசிச் சகோதரியிடம் தெரேசா மிகுந்த பிரியத்தோடு நடந்துகொண்டார். என்னிடம் உங்களைக் கவர்வது எது என்று அவரே வந்து கேட்கும் அளவுக்கு. இதில் வேஷம் இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம், தெரேசா தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளவில்லை என்பது. உள்ளே நடக்கும் போராட்டம் தாங்க முடியாமல் போகும்போது, போர்க்களத்தை விட்டு ஓடும் வீரனைப் போல ஓடிப்போனதையும் அவரே எழுதியிருக்கிறார். ஓடியதை ஓட்டம் என்றே அறிந்து, திரும்பி வந்தார். தப்பித்தலுக்கு நேர்மையான இடம் இது. ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் திரைமுன் ஒதுங்குவதும் இப்படி இருக்க முடியும்: இது ஓட்டம் என்று தெரிந்து, நாளைக்குத் திரும்பிப் போவதற்காக.

எதிரே இருப்பவரைப் பார்ப்பது என்று நான் சொல்வது என்ன என்பதையும் விளக்க வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் நாலந்தாவில் வாழ்ந்த பௌத்தத் துறவி சாந்திதேவர் போதிசர்யாவதாரத்தின் ஆறாம் பகுதி முழுவதையும் பொறுமைக்கே ஒதுக்கினார். நம் உடலில் பித்தம் கூடி நோய் தந்தால் பித்தத்தின் மேல் கோபப்படுவதில்லை. மனிதரும் காரணங்களால் உந்தப்பட்டே நடக்கிறார்கள், அவர் மேல் மட்டும் கோபம் ஏன் என்பது அவருடைய கேள்வி. பக்கத்து நாற்காலிக்காரரை இப்படிக் காரணங்களோடு சேர்த்துப் பார்ப்பதைத்தான் நான் ‘பார்ப்பது’ என்கிறேன். அவர் ஏன் சத்தமாகப் பேசுகிறார்? காது மந்தமான தாய் ஊரில் இருக்கலாம். ஏன் முந்தின வேலையைப் பற்றியே பேசுகிறார்? அங்கிருந்து அவமானப்பட்டு வெளியேறியிருக்கலாம். இதையெல்லாம் நாமாகக் கற்பனை செய்வது போதாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பொறுமை கற்றுத்தருகிறவர் என்று எரிச்சலூட்டுபவருக்கு நன்றி சொல்லச் சொல்வார் சாந்திதேவர். அதில் ஓர் ஆபத்து இருப்பதாக எனக்குப் படுகிறது. அவரை நம் ஆன்மிகப் பயிற்சிக்கான கருவியாக்கிவிட்டால் அப்போதும் அவரைப் பார்க்கவில்லை என்றுதான் ஆகும். திரையில் அவர் வில்லனாகிறார், பயிற்சியில் கருவியாகிறார். இரண்டிலும் அவர் தானாக இல்லை.

ஒரு நியாயமான முறையீட்டுக்குப் பதில் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. ஆபீஸ் வேலையும் முடித்து, வீட்டில் சமையலும் பாத்திரமும் பிள்ளைகளின் பாடமும் காத்திருக்கும் பெண்ணுக்குச் சீரியல்தான் ஒரே ஓய்வு. அதையும் கணக்குப் பார்க்கிறீர்களா என்று கேட்கலாம். அவருக்கு மாலை என்று ஒன்று இருப்பதே இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்க்கும் தொடரைத் தப்பித்தல் என்று அழைப்பது அநீதி. அவருடைய மாலையைப் பறித்தவர்கள் வீட்டிலேயே சாய்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே என் வாதம் முதலில் அவர்களுக்கே பொருந்தும். பகலில் அடக்கிய எரிச்சலை மறக்க ஒருவர் டிவி முன் உட்காரும்போது, அந்த மறதிக்கான செலவை அடுப்பங்கரையில் நிற்பவர் ஏற்கிறார். பொய்யான பொறுமையின் கடன் அதைச் செய்தவரோடு நிற்பதில்லை என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான்.

எனவே நான் கேட்பது சிறிய காரியம், ஆனால் தினமும் செய்ய வேண்டியது. டிவியைப் போடுவதற்கு முன், அன்று நம்மை எரிச்சலூட்டியவரைப் பற்றி மூன்று கேள்விகளை நேர்மையாகக் கேட்டுக்கொள்வோம். அவர் செய்தது தீங்கா, எரிச்சலா? தீங்கு என்றால் நாளை யாரிடம் முறையிடப் போகிறேன்? எரிச்சல் என்றால் அதில் என் பொறாமை எவ்வளவு, என் சாதி எவ்வளவு, என் பயம் எவ்வளவு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியவர் மறுநாள் புதியவரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச முடியும். எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க முடியும். ‘சார், கொஞ்சம் மெதுவாகப் பேசினால் எனக்கு வேலை ஓடும்’ என்று முகத்துக்கு நேரே, மரியாதையோடு கேட்கவும் முடியும். மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதைவிட அப்படி ஒருமுறை கேட்பது உயர்ந்த பொறுமை. ஏனென்றால் சொன்னால் அவருக்குப் புரியும் என்ற மதிப்பு அதில் இருக்கிறது. கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் நாம் வேண்டும் மன அமைதிக்கு முதல் சோதனை பக்கத்து நாற்காலியில் நடக்கிறது. அங்கே மனிதரைப் பார்க்கக் கற்றவருக்கு மாலையில் திரையும் பகையாகாது, அடைக்கலமும் ஆகாது. பிடித்தால் பார்ப்பார், பிடிக்காவிட்டால் எழுந்து போவார்.